நாலு படி பாக்கி: தாமிரபரணி வெள்ளம் பற்றி வாசகர் கேள்வி-பதில்

கார்த்திகை மழை வலுத்ததிலிருந்து இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆற்றைப் பற்றியவையாக இருப்பதால், இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாமிரபரணியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, எங்கள் வீடு ஆற்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அணை திறந்த செய்தி வந்ததும் என் மாமனார் குடையை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் நாலு படி பாக்கி இருக்கிறது, பயமில்லை" என்பார். தொலைக்காட்சியோ இத்தனை ஆயிரம் கன அடி என்று பயமுறுத்துகிறது. யார் சொல்வதை நம்புவது?
*வாசகி, சிந்துபூந்துறை*

தங்கள் மாமனார் சொல்வது ஆற்றின் உயரம். தொலைக்காட்சி சொல்வது ஆற்றில் வரும் தண்ணீரின் அளவு. இரண்டும் உண்மைதான் என்றாலும், ஒன்றைக் கொண்டு மற்றதை நேரடியாகக் கணக்கிட முடியாது என்பதுதான் தங்கள் குழப்பத்துக்குக் காரணம்.

அணைச் செய்தியில் ஒரு கன அடி என்றால் நொடிக்கு ஒரு கன அடி, அதாவது நொடிக்கு 28.3 லிட்டர். பத்தாயிரம் கன அடி திறக்கப்பட்டது என்றால், 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் இருபத்து மூன்றோ இருபத்து நான்கோ ஒவ்வொரு நொடியும் தங்கள் படித்துறையைத் தாண்டிப் போவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அத்தனை தண்ணீர் எந்தப் படிவரை ஏறும் என்பது அந்த இடத்தில் ஆறு எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவு, நடுவே முட்புதரும் அமலைச்செடியும் எவ்வளவு மண்டிக் கிடக்கின்றன, கீழே பாலத்தின் தூண்கள் எவ்வளவு தடுக்கின்றன என்பவற்றையெல்லாம் பொறுத்தது. அகலமான ஆற்றில் வரத்து இரட்டித்தால் ஆழம் இரட்டிப்பதில்லை, ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் ஆகிறது. ஆகவே "இருபதாயிரம் நாற்பதாயிரம் ஆகிவிட்டது" என்ற செய்தியைக் கேட்டு, வாசலில் நிற்கும் தண்ணீர் இனி மொட்டைமாடிக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் தங்கள் மாமனாரின் கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது. நாலு படி பாக்கி என்பது அவர் நின்று பார்த்த அந்த நிமிடத்து நிலவரம். தண்ணீர் ஏறுகிறதா, நிற்கிறதா, வடிகிறதா என்பதை அது சொல்வதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு படி முழுகிக்கொண்டிருந்தால் நாலு படி என்பது நாலு மணி நேரம். அரை மணிக்கு ஒரு படி என்றால் அவர் வீடு திரும்பி, தலையைத் துவட்டி, காப்பி குடித்து முடிப்பதற்குள் அதில் ஒரு படி போயிருக்கும். எனவே அடுத்த முறை அவர் கிளம்பும்போது கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுகாத படி ஒன்றில் சுண்ணாம்பாலோ சாக்குக்கட்டியாலோ ஒரு கோடு கிழித்துவிட்டு, மேலே சாலையில் வந்து நின்று, அரை மணி கழித்து அந்தக் கோட்டை மறுபடி பார்க்க வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பையும் கவனிக்கலாம். கரையோரம் மாதக் கணக்கில் கிடந்த செத்தை, மூங்கில், வாழைத்தண்டு, மரக்கட்டை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருவது ஏறும் வெள்ளம். வடியும் வெள்ளம் அவற்றைக் கரையில் கோடு கோடாக ஒதுக்கிவிட்டுப் போகும்.

நேரக் கணக்கும் முக்கியம். அணை இருக்கும் பாபநாசத்துக்கும் தங்கள் திருநெல்வேலிக்கும் இடையே சாலையில் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் உண்டு. ஆற்றின் வளைவுகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். வெள்ளம் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டால் மணிக்கு ஏழு கிலோமீட்டர் ஆகிறது. அதாவது, அணையில் மாலையில் திறந்த தண்ணீரைத் தங்கள் மாமனார் நள்ளிரவுக்குப் பிறகுதான் பார்ப்பார். மாலை ஆறு மணிக்கு அவர் எண்ணிய நாலு படியில், மாலை ஐந்து மணிக்குத் திறந்த தண்ணீர் ஒரு சொட்டும் இருந்திருக்காது.

இதோடும் முடிவதில்லை. அணைக்குக் கீழே வழிநெடுகத் துணையாறுகள் வந்து சேர்கின்றன: கல்லிடைக்குறிச்சிக்கு அருகே மணிமுத்தாறு, திருப்புடைமருதூரில் கடனாநதி, தருவைப் பக்கம் பச்சையாறு. இவற்றின் நீர்ப்பிடிப்பில் மழை கொட்டினால் பாபநாசத்தில் ஒரு மதகைக்கூடத் திறக்காமலேயே தங்கள் படித்துறை முழுகலாம். ஆகவே செய்தியில் பாபநாசம் அணையின் வெளியேற்றத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியை அணைக்காமல், மணிமுத்தாறு, கடனாநதி அணைகளில் பெய்த மழையளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இன்னொரு அளவுகோல் உண்டு என்பது தங்களுக்கும் தெரிந்திருக்கும். குறுக்குத்துறையில் ஆற்றுக்கு நடுவே பாறையில் அமைந்திருக்கும் முருகன் கோயிலைத்தான் சொல்கிறேன். தண்ணீர் கோயிலுக்குள் நுழைவதற்கு முன்னால் உற்சவரையும் பொருள்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவது வழக்கம். மண்டபம் எதுவரை முழுகியது என்பதுதான் எங்கள் தலைமுறையில் வெள்ளத்தின் பேச்சு. நான் பாளையங்கோட்டையில் பள்ளியில் படித்த காலத்தில், ஆறு எத்தனை அடி என்று யாரும் கேட்டதில்லை, "குறுக்குத்துறையில் எதுவரை?" என்றுதான் கேட்பார்கள். நம்பகமான அடையாளம்தான், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு: ஆற்றுப்படுகையில் மணல் குறைந்திருக்கிறது, சில இடங்களில் கரை நெருங்கியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு மண்டபத்தின் ஒரு தூணைத் தொட்ட தண்ணீரும், இன்று அதே தூணைத் தொடும் தண்ணீரும் ஒரே அளவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

மணிமுத்தாறு அணை 118 அடியை எட்டிவிட்டது என்கிறார்களே, அப்படியானால் ஆற்றில் 118 அடித் தண்ணீர் வருமா?
*வாசகர், அம்பாசமுத்திரம்*

வராது. அது அணைக்குள் தேங்கியிருக்கும் நீரின் மட்டம். பாபநாசத்துக்கு முழு அளவு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118. இந்த எண்களைக் கேட்கும்போது கவனிக்க வேண்டியது இன்னும் எத்தனை அடி இடம் மிச்சம் இருக்கிறது என்பதைத்தான். முழு அளவை நெருங்கிய அணையில் உள்ளே வருவதெல்லாம் வெளியே போயாக வேண்டும். அதன் பிறகு அந்த அணை வெள்ளத்தைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமம்.

2023 டிசம்பரில் திருநெல்வேலியில் தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது என்று உறவினர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். அதை நம்பி நாங்கள் பொருள்களை மேலே ஏற்றாமல் இருந்துவிட்டோம். எங்கள் ஊரில் அதற்குப் பிறகுதான் ஏறியது. அவர்கள் சொன்னது தவறா?
*வாசகர், ஏரல்*

அவர்கள் சொன்னது அவர்களுடைய ஆற்றைப் பற்றி. தங்கள் ஊருக்கு வருவது அதுவும், அதற்கு மேலும்.

திருநெல்வேலியைத் தாண்டிச் சீவலப்பேரி அருகே சிற்றாறு வந்து கலக்கிறது. குற்றாலத்து அருவியில் விழுவது அந்தச் சிற்றாறுதான். குற்றாலத்தில் குளிக்கத் தடை என்ற செய்தியைத் திருநெல்வேலி நகரத்தார் சுற்றுலாச் செய்தியாகப் படித்துவிட்டுப் போகலாம். மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளுக்குக் கீழே இருப்பவர்கள் அதை வெள்ளச் செய்தியாகப் படிக்க வேண்டும். இந்த இரண்டையும் அணை என்று நினைத்து, அவை வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆற்று நீரைக் கால்வாய்களுக்குத் திருப்பிவிடுவதற்காகக் குறுக்கே கட்டப்பட்ட கற்சுவர்கள் அவை. வெள்ளம் அவற்றின் மேலேறிப் போய்விடும்.

அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்தது இதையும் கடந்தது. 18 ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் தாண்டியது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஒரு கோடி லிட்டர். கார்த்திகை கடந்த மார்கழித் தொடக்கத்தில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. குளங்கள் நிறைந்து, உபரிநீர் வழியான மறுகால்களில் பாய்ந்தன. ஒரு குளம் உடைந்தால் அதன் தண்ணீர் முழுவதும் அடுத்த குளத்தின் கரையில் போய் மோதுகிறது. எனவே தங்கள் தெருவுக்கு ஆற்றின் பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்தது, ஆற்றுக்கு முதுகு காட்டும் குளத்தின் பக்கத்திலிருந்தும் வந்தது. திருச்செந்தூரிலிருந்து 17 ஆம் தேதி இரவு ஏறத்தாழ 800 பயணிகளோடு புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், அவர்களில் பலர் 19 ஆம் தேதிவரை அங்கேயே சிக்கியிருந்ததும் தங்களுக்கு நினைவிருக்கும்.

மேலே வடிகிறது என்று கேட்டால், "இனி நமக்கு" என்றுதான் ஏரலில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அணைகளை முன்கூட்டியே காலி செய்து வைத்திருந்தால் அந்த வெள்ளத்தைத் தடுத்திருக்கலாம் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
*வாசகர், தூத்துக்குடி*

நண்பரிடம் ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். நொடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 864 கோடி கன அடி, அதாவது 8.64 டி.எம்.சி. ஆகிறது. பாபநாசமும் மணிமுத்தாறும் முழுக் காலியாக இருந்தாலும் ஒவ்வொன்றும் கொள்வது சுமார் 5.5 டி.எம்.சி.தான். கொஞ்சம் இடம் வைத்திருந்தால் வெள்ளத்தின் உச்சியை ஓரளவு சீவியிருக்கலாம், சில மணி நேரம் தள்ளிப்போட்டிருக்கலாம். அதுவும் பெரிய உதவிதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மழையின் பெரும்பகுதி அணைகளுக்குக் கீழே, சமவெளியில் கொட்டிய ஒரு நாளில், மலையிலிருக்கும் காலி அணை என்ன செய்யும்? தவிர, பிசான நெல் சாகுபடிக்கும் அடுத்த கோடையில் தங்கள் ஊர்க் குடிநீருக்கும் அணையில் தண்ணீர் நிற்க வேண்டும். நவம்பரில் "ஏன் திறக்கவில்லை" என்று கேட்பவர்களே ஏப்ரலில் "ஏன் வைத்திருக்கவில்லை" என்றும் கேட்பார்கள். என் ஆதங்கமெல்லாம் குளக்கரைகளையும் மறுகால் ஓடைகளையும் பற்றித்தான். அவற்றை யாரும் தொலைக்காட்சியில் விவாதிப்பதில்லை.

முக்கூடற்பள்ளில் "ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி" என்று தொடங்கும் பாட்டில் வரும் குறிகள் இன்றும் பலிக்குமா?
*தமிழாசிரியை, சங்கரன்கோவில்*

முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம் என்பதால் அந்தப் பாட்டின் ஆறு நம்முடைய இதே ஆறுதான். மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னுகிறது, மரக்கொம்பைச் சுற்றிக் காற்றடிக்கிறது, கேணித் தவளை கூப்பிடுகிறது, சேற்று நண்டு தன் வளையை அடைக்கிறது என்று பள்ளர்கள் அடுக்குகிறார்கள். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மின்னல்தான். மேற்கே பொதிகைக்கு அப்பாலும் கிழக்கே கடலுக்கு அப்பாலும் ஒரே இரவில் மின்னுகிறது என்றால், குமரிக்கடலைச் சுற்றியுள்ள வானம் முழுவதும் கொந்தளிப்பில் இருக்கிறது. இலங்கைக்கும் குமரிக்கும் பக்கத்தில் காற்றுச் சுழற்சி நிலைகொண்டு, கிழக்குக் காற்று கடலின் ஈரத்தை அள்ளி வந்து மலையின் கிழக்குச் சரிவில் மோதும்போதுதான் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துப் பகுதிகளில் பெருமழை கொட்டுகிறது. 2023 இல் நடந்ததும் அதுவே. நண்டும் தவளையும் மழையின் ஈரத்தை உணர்கின்றன என்று கொள்ளலாமே தவிர, எத்தனை படி ஏறும் என்று அவை சொல்லா. இன்னொன்றையும் வகுப்பில் சொல்லுங்கள்: அந்தப் பாட்டைப் பாடியவர்கள் வெள்ளம் வரப்போகிறது என்று துள்ளினார்கள். உழவுக்குக் காத்திருந்தவர்களுக்கு வெள்ளம் நல்ல செய்தியாக இருந்தது.

கல்லூரி மாணவன் நான். வெள்ளம் ஏறுவதை இரவில் படித்துறையிலிருந்து காணொளி எடுக்க ஆசை. எவ்வளவு தூரம் இறங்கலாம்?
*வாசகர், வண்ணாரப்பேட்டை*

இறங்கவே கூடாது. முழங்கால் அளவு ஓட்டமே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். பாசி பிடித்த கல்லில் அதற்கும் குறைவான தண்ணீர் போதும். இரவில் தண்ணீரின் விளிம்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. கரையின் மண்ணை வெள்ளம் அடியில் அரித்திருப்பதும் மேலே நிற்பவருக்குத் தெரியாது. 1843 இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. காவல்துறை அனுமதிக்கும் நேரத்தில், பகலில், அதன் நடைபாதையில் ஒரே இடத்தில் நின்று, ஒரே தூணை நோக்கி, மணிக்கு ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிவாகட்டும். அதே மணியில் வெளியான அணை வெளியேற்ற அளவை ஒரு குறிப்பேட்டில் எதிரே எழுதி வையுங்கள். மூன்று மழைக்காலம் இப்படிச் செய்தால், இத்தனை கன அடி என்றால் நம் தெருவில் எதுவரை என்று சிந்துபூந்துறை வாசகியின் மாமனாருக்கு நீங்களே விடை சொல்லலாம். அதுவரை, தண்ணீர் வேகமாக ஏறுவதைக் கண்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் சொல்லுங்கள்.