இரண்டு சென்சார் சொன்னால் உண்மையாகிவிடுமா?

வணக்கம் சார்,

விமான இன்ஜினை இயக்கும் ஃபேடெக் கணினியில் இரண்டு சேனல். முக்கிய சென்சார்களும் இரட்டை. மிச்சப் பிழையைக் கால்மன் ஃபில்டர் (அளவீடுகளிலிருந்து உண்மை நிலையைக் கணிக்கும் கணக்கு முறை) வடிகட்டிவிடும். பிறகு சென்சார் பிழையில் ஆராய என்ன இருக்கிறது? புராஜெக்டுக்கு மேட்லாப் மென்பொருள் போதுமா?
— செ., இறுதியாண்டு மாணவர்

அன்புள்ள செ.,

சில நாட்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல கேள்வி. ஆனால் "வடிகட்டிவிடும்" என்று எழுதினீர்களே, அதற்காகத் திட்டத்தான் வேண்டும். கால்மன் ஃபில்டர் போக்குவது மேலும் கீழும் ஆடும் இரைச்சலை. எப்போதும் 10 டிகிரி குறைத்தே காட்டும் தெர்மோகப்பிளிடம் (வெப்பநிலை சென்சார்) ஆயிரம் அளவீடு வாங்கிச் சராசரி போட்டாலும் அதே 10 டிகிரி குறையும். ஃபில்டர் அதை நம்பி, டர்பைன் நன்றாக இருக்கிறது என்று கணக்கெழுதும். கழற்றிப் பார்க்க வேண்டிய இன்ஜின் இறக்கையிலேயே தொங்கும்.

இரட்டை சென்சார் விஷயத்துக்கு வருகிறேன். 1982 ஜனவரி 13, வாஷிங்டன், பனிப்பொழிவு. ஏர் ஃபுளோரிடா 90, போயிங் 737. பறக்கும்போது உந்துவிசையை நேராக அளக்க வழியில்லை. அந்த இன்ஜினில் வெளிவாய் அழுத்தத்தை முகப்பு அழுத்தத்தால் வகுத்த ஈபிஆர்தான் அதற்குப் பதிலாள். இன்ஜின் ஆன்டி-ஐஸ் (பனி உறையாமல் சூடாக்கும் அமைப்பு) போடவில்லை. இரண்டு இன்ஜினிலும் முகப்பு அழுத்தக் குழாயைப் பனி அடைத்தது. முகப்பு அழுத்தம் குறைவாகப் பதிவானதால் விகிதம் ஏறியது. இரண்டு மானியும் 2.04 காட்டின, உண்மையில் சுமார் 1.70. விமானம் 14ஆம் தெருப் பாலத்தில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. 78 பேர் இறந்தார்கள்.

இரண்டு மானியும் ஒத்துப்போயின, பாருங்கள். ஒரே பனியில் நனைந்த இரண்டு சாட்சிகள் ஒரே பொய்யைச் சொல்லும். வெறுமனே ஒப்பிடும் எந்தக் கணினியும் 'சரி' என்றிருக்கும். அதே பலகையில் என்1 (தாழ்அழுத்தச் சுழல்தண்டின் வேகம்), ஈஜிடி (வெளியேறும் வாயுவின் வெப்பநிலை), எரிபொருள் ஓட்டம் மூன்றும் 2.04-க்குப் பொருந்தாமல் தாழ்ந்து நின்றன. துணை விமானி சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னார், ஆனாலும் ஓடுபாதையில் விமானத்தின் ஓட்டம் நிற்கவில்லை. பொய்யைப் பிடிப்பது இன்னொரு பிரதியல்ல, வேறொரு இயற்பியலில் இயங்கும் சென்சார். இதைத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

சிக்கல் இதோ: ஃபேன், இரண்டு கம்ப்ரசர், இரண்டு டர்பைன்; ஒவ்வொன்றுக்கும் செயல்திறன், காற்றோட்டக் கொள்ளளவு என்று பத்து அறியாதவை. சென்சாரோ பெரும்பாலும் அதைவிடக் குறைவு. பத்தோடு சென்சார் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஃபில்டர் பழியை எங்காவது பூசிவிடும். அதனால் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஃபில்டர் வையுங்கள்; ஒவ்வொன்றும் தன் சென்சாரை மட்டும் விட்டுவிட்டுக் கணக்கிடட்டும். எந்த ஃபில்டரில் எச்சம் (கணித்ததற்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசம்) சிறிதாகவே நிற்கிறதோ, அது ஒதுக்கிய சென்சார்தான் குற்றவாளி. ஈஜிடி மட்டும் தனியாகத் தாவி, எரிபொருளும் என்2-வும் (உயர்அழுத்தச் சுழல்தண்டின் வேகம்) அசையாதிருந்தால் முதலில் வயரிங்கைப் பாருங்கள்.

மேட்லாப் போதும். முதலில் ஒரு சென்சாரில் மட்டும் மாறாத பிழையை ஏற்றி, எந்த பாகத்தின் செயல்திறன் பொய்யாக மாறுகிறது என்று அட்டவணை போட்டு அனுப்புங்கள்.