உங்ககிட்ட இருக்கிற எல்.பி. ரெக்கார்டுகள்ல ஒன்னே ஒன்னு மட்டும்தான் வெச்சுக்கலாம்னா எதை வெச்சுப்பீங்க, ஏன்?

என்கிட்ட முந்நூத்தி சொச்சம் ரெக்கார்டு இருக்கு, பாதிக்கு மேல இளையராஜா, மிச்சமெல்லாம் அமெரிக்கா வந்தப்புறம் சேர்ந்தது. இந்தக் கேள்விய வீட்டுல படிச்சுக் காட்டினப்போ ராஜா ரெக்கார்டு எதையாவது சொல்லுவேன்னுதான் மனைவி நினைச்சாங்க. ராஜா பாட்டெல்லாம் எப்படியும் தலைக்குள்ள ஓடிட்டேதான் இருக்கும், தட்டு போனாலும் பாட்டு போகாது. நான் வெச்சுக்கப் போறது 1975ல ரவுண்டர் கம்பெனி போட்ட ஒரு ப்ளூகிராஸ் ஆல்பம். பேரு ஜே.டி. க்ரோ அண்ட் தி நியூ சவுத். அதாவது குழுவோட பேருதான் ஆல்பம் பேரும், ஆனா ப்ளூகிராஸ் வட்டாரத்துல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க, கேட்டலாக் நம்பரை வெச்சு 0044னுதான் சொல்லுவாங்க.

ப்ளூகிராஸ் கேட்டதே இல்லங்கறவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன், அது அமெரிக்க நாட்டுப்புற இசைல ஒரு வகை. கென்டக்கி மாநிலத்துக்கு ப்ளூகிராஸ் ஸ்டேட்னு ஒரு செல்லப்பேர் உண்டு, அந்த ஊர்க்காரர் பில் மன்றோ தன் குழுவுக்கு ப்ளூ கிராஸ் பாய்ஸ்னு பேர் வெச்சாரு, பின்னாடி அந்த இசைக்கே அதுதான் பேருன்னு ஆயிடுச்சு. 1945 கடைசில ஏர்ல் ஸ்க்ரக்ஸ்னு ஒரு பையன் அதுல சேர்ந்து மூணு விரல்ல பேஞ்சோங்கற தந்தி வாத்தியத்தை அருவி கொட்டற மாதிரி வாசிக்க ஆரம்பிச்சதும்தான் இன்னிக்கு நாம கேக்கற உருவம் வந்துச்சு. வழக்கமா டிரம்ஸ் கிடையாது. பாஸ்ங்கற கீழ்ச்சுர தந்தி வாத்தியம் ஒரு அடி போட, அடுத்த அடில மாண்டலின் தந்தியை அமுக்கி 'சக்'னு வெட்டும், தாளம் அந்த ரெண்டுக்கு நடுவுலதான் நிக்குது.

நான் எம்.எஸ். படிக்க வந்து இறங்கினது அதே கென்டக்கில லெக்சிங்டன். 2010ல ஒரு சனிக்கிழமை பழைய ரெக்கார்டு கடைல தரைல உக்காந்து பெட்டியைக் குடைஞ்சிட்டு இருந்தேன், கையில காசும் பெருசா இல்ல. கடைக்காரப் பெரியவர் வந்து நான் எடுத்து வெச்சிருந்த ராக் ரெக்கார்டு எல்லாத்தையும் ஒரு பார்வை பாத்துட்டு, இந்த ஊர்ல இருந்துட்டு இதைக் கேக்காம போகாதேன்னு இதைக் கொண்டாந்து கைல குடுத்தாரு. 6 டாலர். கவர் ஓரமெல்லாம் கிழிஞ்சு டேப் ஒட்டியிருந்துச்சு. க்ரோ லெக்சிங்டன்காரர்தாங்கறதே எனக்கு அப்பத்தான் தெரியும். சின்ன வயசுல ஸ்க்ரக்ஸ் அந்த ஊருக்கு வந்து வாசிச்சப்போ முன்னாடி உக்காந்து கை விரலையே பாத்துட்டு இருந்த ஆளாம், அப்புறம் ப்ளூகிராஸ் பாடகர் ஜிம்மி மார்ட்டின் குழுவுல சில வருஷம், அதுக்கப்புறம் அதே ஊர்ல ஒரு ஹாலிடே இன் ஓட்டல்ல ராத்திரி ராத்திரி கச்சேரி.

இந்த ரெக்கார்டு பதிவானது 1975 ஜனவரி, மேரிலாந்துல சில்வர் ஸ்ப்ரிங். அப்ப பேஞ்சோ வாசிக்கற க்ரோவுக்கு வயசு 37. கிட்டார் வாசிச்சு பாடற டோனி ரைஸுக்கு 23, மாண்டலின், ஃபிடில் (அதாவது வயலின்) ரெண்டும் பாத்துக்கற ரிக்கி ஸ்காக்ஸுக்கு 20, டோப்ரோங்கற ஒரு வகை கிட்டார் வாசிக்கற ஜெர்ரி டக்ளஸுக்கு 18. பாஸ்ல பாபி ஸ்லோன். இன்னிக்கு பாத்தா இதுல க்ரோ, ரைஸ், ஸ்காக்ஸ், டக்ளஸ் நாலு பேருமே ப்ளூகிராஸ் ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காங்க, ஆனா அன்னிக்கு மூணு பேரு பசங்க, ஒருத்தர்தான் பெரியவர். அந்தப் பெரியவர் என்ன பண்றாருங்கறதுதான் எனக்கு இந்த ஆல்பமே. குழு அவரோடது, பேரும் அவரோடது, ஆனா மெயின் குரலை டோனிகிட்ட விட்டுட்டாரு, ஒரு பாட்டுல தன் முறை வந்தா வந்து சுருக்கமா வாசிச்சுட்டு ஒதுங்கிக்கறாரு, மத்தவங்க வாசிக்கும்போது பேஞ்சோ பின்னாடி எங்கயோ இருக்கும், காதை அங்க கொண்டுபோனாத்தான் தெரியும். வேகமா வாசிக்க ஆயிரம் பேர் இருக்காங்க. ரெண்டு சுரத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளி கடைசி வரைக்கும் ஒரே அளவா இருக்கணும், அவசரப்படவும் கூடாது இழுக்கவும் கூடாது, அதை இவர் மாதிரி பண்ண ஆள் நான் கேட்டவரைக்கும் இல்ல.

ஊசிய வெச்சதும் முதல் பாட்டு ஓல்ட் ஹோம் ப்ளேஸ், பேஞ்சோதான் கதவைத் திறக்கும். டில்லர்ட்ஸ்ங்கற ப்ளூகிராஸ் குழுக்காரங்க எழுதின பாட்டு. ஒருத்தன் ஏரை வயல்லயே போட்டுட்டு டவுனுக்கு வேலை தேடிப் போறான், மரம் அறுக்கற மில்லுல வேலை, காதலிச்சவளும் போயிடறா, பத்து வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தா வீட்டை இடிச்சுப் போட்டிருக்காங்க. செத்துப்போயிடலாம்னு பாடறான், ஆனா மெட்டு என்னமோ கல்யாண ஊர்வலம் மாதிரி துள்ளிட்டு போகுது. முதல் தடவை வார்த்தையே புரியாம கால்ல தாளம் போட்டுட்டு இருந்தேன், மூணாவது தடவைதான் வரிகள் மண்டைல ஏறுச்சு, கால் தானா நின்னுடுச்சு.

அதே பக்கத்துல ராக் சால்ட் அண்ட் நெயில்ஸ், யூட்டா ஃபிலிப்ஸ் எழுதினது. உண்மையச் சொன்னா அந்த வரிகளைத் தனியா படிச்சா கடுப்பாகும், பொம்பளைங்க மேல அவ்வளவு கோபம். டோனி ரைஸ் அதைக் கோபமாவே பாடல, களைச்சுப் போனவன் ராத்திரி திண்ணைல உக்காந்து தனக்குத்தானே பேசிக்கற மாதிரி பாடறாரு, அதனாலதான் என்னால கேக்க முடியுது. என் ரெக்கார்டுல இந்தப் பாட்டு மேல ஒரு கீறல் இருக்கு. 33⅓ சுத்துங்கறதால சரியா 1.8 செகண்டுக்கு ஒரு 'டக்'. பாட்டோட தாளத்தோட அது சேரவே சேராது. என் பொண்ணு சின்னதுல அந்த டக்கைத்தான் தாளம்னு நினைச்சு அதுக்கு கை தட்டிட்டு, பாடறவருக்கு தாளம் வரலப்பான்னு சொல்லுவா.

பாட்டு தேர்வும் அப்ப பழமைவாதிகளுக்கு கொஞ்சம் உறுத்தியிருக்கும்னு நினைக்கறேன். கனடாக்காரர் கார்டன் லைட்ஃபுட்டோட பாட்டு ரெண்டு, இன்னொரு கனடாக்காரர் இயன் டைசனோட சம்மர் வேஜஸ், போதாததுக்கு நியூ ஆர்லியன்ஸ் ஃபேட்ஸ் டாமினோவோட ஐம் வாக்கிங். இதெல்லாத்தையும் சாலி குடின் மாதிரி பழைய ஃபிடில் மெட்டு பக்கத்துலயே வெச்சிருக்காங்க, ஒட்டு போட்ட மாதிரியே தெரியாது. எனக்கு சம்மர் வேஜஸ்தான் உசுரு.

ஜெர்ரி டக்ளஸ் பத்தி சொல்லாம விட்டா தூக்கம் வராது. டோப்ரோங்கறது கிட்டாரைப் படுக்கப் போட்டு இரும்புக் கட்டைய தந்தி மேல வழுக்கி வாசிக்கறது, நம்ம கோட்டுவாத்தியம் தெரிஞ்சவங்களுக்கு கை வேலை உடனே புரியும், ஒரு சுரத்துல இருந்து இன்னொன்னுக்கு நடந்து போகாது, வழுக்கிட்டு போகும். 18 வயசுல அந்தப் பையன் பாடகரோட வரி முடியற இடத்துல மட்டும் உள்ள வந்து ஒரு இழுப்பு இழுத்துட்டு போறான் பாருங்க. பின்னாடி 1995ல இவரு நம்ம மோகன வீணை விஸ்வ மோகன் பட்டோடயும் பாஸ் வாசிக்கற எட்கர் மேயரோடயும் சேர்ந்து போர்பன் அண்ட் ரோஸ்வாட்டர்னு ஒரு ஆல்பம் பண்ணாரு, அதைத் தயாரிச்சது இலங்கைல பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். 0044 பிடிச்சா அதையும் தேடிக் கேளுங்க.

இந்த அஞ்சு பேரும் ஒன்னா அந்த வருஷத்தைக்கூட தாண்டல. டோனி ரைஸ் மாண்டலின்காரர் டேவிட் க்ரிஸ்மனோட குழுவுக்கு போயிட்டாரு, ஸ்காக்ஸும் டக்ளஸும் பூன் க்ரீக்னு தனிக்குழு ஆரம்பிச்சாங்க. 1994ல டோனிக்கு தொண்டை கெட்டு பாடறதே நின்னுபோச்சு, கிட்டார் மட்டும்தான் அப்புறம். 2020 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அவர் போனாரு, 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் க்ரோ போனாரு. 2024ல இந்த ஆல்பத்தை அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியல்ல சேர்த்தாங்க, ரெண்டு பேருமே அதைப் பாக்கல.

க்ரோ போன அந்த வாரம் ஒரு வேகத்துல, கீறல் இல்லாத காப்பி ஒன்னு வேணும்னு ஆன்லைன்ல தேடி வாங்கினேன். புதுசு மாதிரின்னு எழுதி 45 டாலர் வாங்கிட்டாரு அந்த ஆளு. பிரிச்சுப் பாத்தா கவர் நிஜமாவே பளபளன்னு இருக்கு, உள்ள தட்டு எண்ணெய்ல போட்டு எடுத்த அப்பளம் மாதிரி நெளிஞ்சிருக்கு, ஊசி வெச்சா படகு மாதிரி ஏறி இறங்குது. மெயில் போட்டேன், பதிலே இல்ல. சரின்னு அப்பளத்தை தூக்கி பரண்ல போட்டுட்டு, அந்தப் புதுக் கவருக்குள்ள என் 6 டாலர் தட்டை வெச்சுட்டேன். கேள்விக்கு என் பதில் அந்தத் தட்டுதான், டக் டக்கோட. கவரை வேணா யாராவது எடுத்துக்கோங்க.