தடுப்பூசியை ஏன் 2 முதல் 8 டிகிரிக்குள்ளேயே வைக்கிறார்கள்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக் குப்பியை ஐஸ் பெட்டியிலிருந்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தயாரிக்கும் ஆலையிலிருந்து குழந்தையின் தொடை வரை குளிர் அறுந்துபோகாமல் காக்கும் இந்த ஏற்பாட்டுக்குக் குளிர்பதனச் சங்கிலி என்று பெயர்.

சூடு பட்டால் வீரியம் குறையும், சரி. உறைந்தாலும் கெடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகளில் மருந்து அலுமினிய உப்போடு ஒட்டியிருக்கும். உறைந்தால் அது கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். தயிரை ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பாருங்கள்: தண்ணீர் தனி, கட்டி தனி. எவ்வளவு கலக்கினாலும் பழைய தயிர் திரும்பாது. அதனால்தான் செவிலியர் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு பெட்டியில் அடுக்குவதில்லை. குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருப்பார்.

குப்பியின் மேல் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம்; அதே நிறமோ அதைவிடக் கருமையோ ஆகிவிட்டால் கூடாது. (இது சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது.)

போலியோ சொட்டு மருந்தை ஃப்ரீசரில் வைப்பதைப் பார்த்து, எல்லாத் தடுப்பூசிக்கும் குளிர் கூடக் கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். அது உறைபனியைத் தாங்கும், பென்டாவேலன்ட் தாங்காது.