சங்கம் திருப்பிய பாலும், விட்டு விட்டு வரும் காய்ச்சலும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் நான்கு மாடு வைத்திருக்கிறோம். பாலில் பாக்டீரியா அதிகம் என்று சங்கத்தில் இரண்டு தடவை திருப்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். காய்ச்சினால் சத்து போய்விடும் என்று வீடியோவில் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் பச்சையாகவே குடிக்கிறார். இரண்டு மாதம் முன்பு ஒரு மாடு ஏழு மாதச் சினையில் கன்று வீசியது, அதாவது சினை கலைந்துவிட்டது. நஞ்சுக்கொடியை அவர்தான் கையால் எடுத்தார். மூன்று வாரமாக அவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், முதுகுவலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் குறைகிறது. பிள்ளைகளுக்கு ஏதும் வருமா?

பதில்: பிள்ளைகளைப் பற்றிப் பயப்படாதீர்கள் அம்மா. பொங்கக் காய்ச்சிய பாலால் நான் சந்தேகப்படும் நோய் வராது. வீட்டுக்காரரை நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கன்று வீசிய மாடு, வெறுங்கையால் எடுத்த கொடி, பச்சைப்பால், மூன்று வாரக் காய்ச்சல். இத்தனையும் ஒரே வீட்டில் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது புருசெல்லோசிஸ். கால்நடை மருத்துவர்கள் கன்று வீச்சு நோய் என்பார்கள். வீசிய கன்றோடு வரும் கொடியிலும் நீரிலும் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். சோளத்தட்டு கிழித்த சின்னக் கீறல் விரலில் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். பிறகு மாதக்கணக்கில் அந்த மாட்டின் பாலிலும் இறங்கும். அந்தப் பால் திரியாது, நாறாது.

ராத்திரி அவருக்கு வேர்க்கிறதா என்று பாருங்கள். பகலில் கட்டுத்தரை வேலையைப் பார்த்துவிடுவார். சாயங்காலம் குளிர்ந்து காய்ச்சல் ஏறும். நடுராத்திரியில் தலையணை உறை பிழிகிற அளவுக்கு நனைந்து, மக்கிய வைக்கோல் வாடை அடிக்கும். நாலு நாள் தெளிவாக இருப்பார், மறுபடி வரும். சில ஆண்களுக்கு விதை வீங்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது அந்த மெடிக்கல் மாத்திரையில்தான். அரைகுறை ஆன்டிபயாடிக் இந்தக் கிருமியைக் கொல்லாது, ஒளித்துவைக்கும். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். டைபாய்டு என்று வைடால் சோதனையோடு நின்றுபோன ஒருவரை என்னிடம் தாங்கிப் பிடித்துத்தான் கூட்டிவந்தார்கள். தொற்று முதுகெலும்பில் இறங்கியிருந்தது. மாடு வைத்திருக்கிறீர்களா என்று அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதனால் டாக்டர் முன் உட்கார்ந்ததும் முதல் பேச்சே இதுவாக இருக்கட்டும்: "எங்கள் மாடு கன்று வீசியது, இவர் பச்சைப்பால் குடிப்பார்." நோய் உறுதியானால் இரண்டு மருந்து சேர்த்துக் குறைந்தது 6 வாரம். இரண்டாவது வாரமே காய்ச்சல் விட்டுவிடும்; அப்போது நிறுத்தினால் திரும்ப வரும்.

சங்கம் பாலைத் திருப்பியது வேறு விஷயம். அங்கே பாலில் ஒரு நீலச் சாயம் கலந்து பார்ப்பார்கள்; அது சீக்கிரம் வெளுத்தால் பாலில் பாக்டீரியா அதிகம். இன்ன நோய்க்கிருமி என்று அந்தச் சோதனை சொல்லாது. பெரும்பாலும் கேன் மூடி இடுக்கு, துடைக்காத ஈர மடி, வெயிலில் காத்திருந்த நேரம்தான் காரணம். கேனை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக இருந்தால் மடிநோய். அந்தப் பாலைக் கேனில் சேர்க்கவும் வேண்டாம், வீட்டுக்கு எடுக்கவும் வேண்டாம். சூட்டில் கிடந்தால் அதில் ஊறும் நச்சு, காய்ச்சினாலும் போகாது.

சத்து? கால்சியமும் புரதமும் காய்ச்சினால் எங்கும் போகாது. அந்த வீடியோவை விடுங்கள்.

நான்கு மாட்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு ஒரே தடவை போடும் தடுப்பூசி இருக்கிறது, அரசுத் திட்டத்தில் இலவசம். இனி எந்த மாடு வீசினாலும் கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அன்று கொடி எடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பிடித்தீர்களா? பிடித்திருந்தால், அவரோடு சேர்த்து உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.