கேள்வி நேரம்: மண்டபத்துக்குள் ஓர் ஆபீஸ்

? எங்கள் பங்கு மண்டபத்தை ஒரு கணக்கு ஆபீஸுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். கிறிஸ்துமஸ் நாடகம், மறைக்கல்வி, கல்யாண விருந்து எல்லாம் நடந்த இடம். போய்ப் பார்த்தால் ஓட்டுக்கூரையே தெரியவில்லை, ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருக்கிறார்கள். இப்படிச் செய்யலாமா?
– வாசகர், மதுரை

ஆபீஸ் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆள் புழங்காத மண்டபத்துக்கு முதலில் வௌவால் வரும், அப்புறம் கரையான் வரும், கடைசியில் ‘இடித்துவிடலாமே’ என்று ஒருவர் வருவார். மூடியதில்தான் வருத்தம், ஏனென்றால் அந்த மண்டபத்தில் பார்க்க வேண்டியதே கூரைதான்.

நம்மூர்ப் பழைய வீடுகளில் கட்டைக்குத்து மெத்தை பார்த்திருப்பீர்கள். வரிசையாகத் தேக்குக் கட்டை, அதன்மேல் மூலைவாட்டாக, பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்கிய சின்னச் செங்கல், அதற்கும் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கட்டையால் அடித்து இறுக்கிய தளம். இது அறைகளுக்குச் சரி. இருநூறு பேர் உட்காரும் கூடத்தில் நடுவே தூண் வந்தால் பின்வரிசைக்கு மேடை தெரியாது, அம்புட்டு அகலத்துக்குப் பாரம் தாங்கும் கட்டைக்கும் வழியில்லை. அதனால் மரச்சட்டத்தை முக்கோணமாகக் கோத்து ஓடு வேய்ந்தார்கள். பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பினர் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு இந்த வகைக் கூரை எங்கும் பரவியது.

அந்த முக்கோணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நடுவில் நிற்கும் கட்டை, கீழே சுவருக்குச் சுவர் குறுக்கே போகும் விட்டத்தின்மேல் நின்று கூரையைத் தாங்குகிறது என்றுதான் நினைப்போம், உண்மையில் அது உச்சியிலிருந்து தொங்கிக்கொண்டு, தொய்யப் பார்க்கும் விட்டத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. விட்டமோ, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கைமரங்கள் சுவரை வெளியே தள்ளிவிடாதபடி இழுத்துக் கட்டுகிறது. மாடி போடத் தலை இடிக்கிறதென்று விட்டத்தை அறுத்தவர்கள் உண்டு. கூரை அன்றைக்கே விழாது, சுவர்தான் பைய வெளியே சாயும். உங்கள் மண்டபத்தில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே யாராவது ஏணி வைத்து ஏறி, விட்டம் முழுசாக இருக்கிறதா, அதன் நுனி சுவருக்குள் போகிற இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓடு நகர்ந்து ஒழுகினால் முதலில் இற்றுப்போவது அந்த நுனிதான், கீழே அட்டை மூடியிருந்தால் ஒழுகுவதே தெரியாது.

சரி, கத்திரி வெயிலில் ஓட்டுக்குக் கீழே எட்டு மணி நேரம் உட்காரச் சொல்லலாமா என்றால், சொல்லக் கூடாதுதான். மண்டபம் கட்டினவர்கள் சாயங்காலக் கூட்டத்துக்குக் கட்டினார்கள். சூடான காற்று மேலே ஏறி உச்சி ஜன்னல் வழியாகப் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. ஏ.சி. வேண்டுமானால் கூடம் முழுவதையும் குளிர்விக்காமல், ஒன்பதடி உயரத்தில் கூரையோடு கூடிய கண்ணாடி அறைகளைத் தரையில் பெட்டி மாதிரி நிறுத்தலாம், சுவரைத் தொடாமல். மின்சாரச் செலவும் குறையும், நிமிர்ந்தால் மரச்சட்டமும் தெரியும், வாடகைக்காரர் போகும்போது பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம். இன்னொன்று, ஒருவர் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கட்டிய இடம் இது, இருபது பேர் ஒரே நேரத்தில் ஃபோன் பேசினால் காது தாங்காது. தடித்த திரைச்சீலை, புத்தக அலமாரி, தென்னைநார்ப் பலகை, இதெல்லாம் கொஞ்சம் உதவும்.

? மண்டபத்துச் சுவருக்கு சிமென்ட் பூசி நல்ல பெயின்ட் அடித்தோம். இரண்டே மழையில் பொரிந்து உதிர்கிறது. மட்டமான பெயின்ட்டா?
– வாசகி, திருமங்கலம்

பெயின்ட் பாவம், அதை விடுங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பூச்சு வழியாகவே அதை வெளியேயும் விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது, பெயின்ட் இன்னும் ஒரு பூட்டு. உள்ளே நின்ற ஓதம் உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளுகிறது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பே பூசி வெள்ளையடியுங்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். கழிப்பறையை மட்டும் அந்தச் சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள்.

? பழைய கட்டடத்தில் ஆபீஸ் நடத்துவது வெளிநாட்டுப் பழக்கம்தானே?
– வாசகர், மேலூர்

மேலூரிலிருந்து கேஸ் விஷயமாக மதுரைக்கு வந்த பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். திருமலை நாயக்கர் மகாலில் 1970 வரை ஜில்லா கோர்ட் நடந்தது. சிதைந்து கிடந்த மகாலை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுதான் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனை 1959-ல் காந்தி மியூசியமானது.

? மண்டபத்தின் ஒரு பக்கம் மட்டும் தரை மூன்றடி உயரமாக இருக்கிறதே, அது எதற்கு?
– வாசகர், மதுரை

மேடைங்க. இப்போது அங்கேதான் மேனேஜர் உட்கார்ந்திருப்பார்.

? பகலில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாடகம், இரண்டும் ஒரே மண்டபத்தில் நடக்குமா?
– வாசகி, மதுரை

மதுரை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து விக்டோரியா எட்வர்டு ஹாலில் பகலில் வாசிப்பு, சாயங்காலம் ரீகல் தியேட்டராக இங்கிலீஷ் படம் என்று பல வருடம் ஓட்டியிருக்கிறோம். தடுப்புகளைச் சக்கரம் வைத்துச் செய்திருந்தால், மேடையை மட்டும் மேனேஜர் காலி செய்து கொடுத்தால் போதும். வாடகை ஒப்பந்தத்தில் ‘ஞாயிறு மாலை’ என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று பங்குப் பேரவையில் கேட்டுப் பாருங்கள். திங்கள் காலைக்குள் மேஜைகளைத் திருப்பிப் போட யார் வருவார்கள் என்று அவர்கள் கேட்பார்கள், நாலு பேரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.