வெறும் பி.டி.எஸ்.

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். படித்து, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்துவிட்டேன். மேற்படிப்பான எம்.டி.எஸ்.ஸுக்கு நீட் நுழைவுத்தேர்வு எழுதினேன். என் ரேங்குக்கு எண்டோ (பல்வேர் சிகிச்சை), ஆர்த்தோ (பல்வரிசை சீரமைப்பு) கிடைக்காது. ஊர் மக்களின் பல் நலத்தை ஆராயும் பப்ளிக் ஹெல்த் கிடைக்கலாம். அதைப் படித்தால் வேலை கிடைக்காது என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். எண்டோதான் வேண்டுமென்றால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர வேண்டும். அப்பா இரண்டு ஏக்கர் நிலத்தை விற்கத் தயாராக இருக்கிறார். ‘வெறும் பி.டி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?’ என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.

பயிற்சிக் காலத்தில் எனக்குப் பிடித்தது பள்ளி முகாம்கள்தான். ஒரு பள்ளியில் ஒரு சிறுமி கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கையை எடுக்கச் சொன்னால், முன்பற்கள் முழுக்கக் காவிக்கறை. குழாயில் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் வந்த பிறகும் இந்த வயதுப் பிள்ளைக்கு எப்படி என்று தோன்றியது. அது கிடக்கட்டும். நான் எம்.டி.எஸ். படிக்கலாமா, வேண்டாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டாக்டர்,

உங்களை இப்படித்தான் அழைப்பேன். நான்கு வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் முடித்துப் பெற்ற பெயர் இது. பல் மருத்துவராகப் பதிவு செய்துகொண்ட நாளிலிருந்து நீங்கள் பல் பிடுங்கலாம், சொத்தையை அடைக்கலாம், ரூட் கேனால் செய்யலாம், பல்செட் கட்டலாம். ‘வெறும்’ என்ற சொல்லை உறவினர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். உங்கள் கடிதத்தில் அது இருந்ததுதான் எனக்கு வலித்தது.

என்னோடு படித்த தோழி ஒருத்தி எம்.டி.எஸ். படிக்கவில்லை. சிறிய ஊரில் இருபது வருடமாகக் கிளினிக் நடத்துகிறாள். கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வந்த ஒருவரின் எதிர்ப்பக்கக் கன்னத்தில் காசு அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்திருக்கிறாள். அவர் புகையிலை அடக்குகிற இடம் அது. பல்லைத் தொடாமல், கையோடு கடிதம் கொடுத்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினாள். அவர் இன்றும் அவளிடம்தான் பல் பார்த்துக்கொள்கிறார். வலிக்கிற பல்லை மட்டும் பார்க்காமல் வாய் முழுவதையும் பார்ப்பது பி.டி.எஸ். கற்றுக்கொடுத்த பழக்கம்.

நான் ஏன் எம்.டி.எஸ். படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரம் பக்கம் கிளினிக் வைத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சத்துணவுக்கூடச் சமையலர் ஒருவருக்கு மேல் கடைவாய்ப்பல்லில் ரூட் கேனால் செய்து கேப்பும் போட்டிருந்தேன். எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். “வலி போகலை டாக்டரம்மா, ஒரு பக்கமாவே மெல்றேன்” என்றார். மறுபடி திறந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மதுரையில் எண்டோ படித்த ஒருவரிடம் நானே அழைத்துப்போனேன். அவர் மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். கன்னத்துப் பக்க முன்வேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாவதாக ஒரு வேர்க்குழாயும் இருக்கும். பாடத்தில் படித்ததுதான். பல்லின் தரையில், ஒரு மேட்டின் அடியில், குருணையைவிடச் சிறிய புள்ளியாக அது இருந்தது. நான் விட்ட இடம். அந்த அம்மா மூன்று மாதம் என்னால் வலியோடு மென்றிருக்கிறார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருடம் நுழைவுத்தேர்வு எழுதினேன். எம்.டி.எஸ். முதல் வருடம் பெரும்பாலும் பிடுங்கிய பற்களோடுதான் போகும். வெட்டு, தேய், எக்ஸ்ரே எடு, ஆசிரியரிடம் காட்டு, திரும்பச் செய். பட்டத்துக்காக மட்டும் வந்தவர்கள் அந்த வருடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்தினார்கள். எனக்கோ ஒவ்வொரு பல்லும் அந்தச் சமையலரின் பல்லாக இருந்தது.

ஆகவே மேனேஜ்மென்ட் கோட்டா பற்றி என் பதில் ஒன்றுதான். நிலத்தை விற்க விடாதீர்கள். எண்டோ உங்களுக்கு ஏன் வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அது கிடைக்காது என்பது மட்டும்தான் இருக்கிறது. எண்டோ படித்தவர்களில் பலர் ஊர் ஊராகக் கிளினிக்குகளுக்குக் கன்சல்டன்டாகப் போய், கேஸுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். தங்களை அழைக்கும் கிளினிக்குகளைப் பிடிக்கவே சில வருடங்கள் ஆகும். அந்த வருடங்களில் இரண்டு ஏக்கரின் பாரமும் உங்கள் தலையில் இருக்கும். அப்பா கேட்க மாட்டார். அவர் கேட்காததுதான் உங்களை அதிகம் வருத்தும்.

பப்ளிக் ஹெல்த் பற்றிச் சீனியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கல்லூரிக்கு வெளியே அந்தப் பட்டத்தைக் கேட்டு எடுக்கும் வேலைகள் குறைவு. படித்துவிட்டுக் கிளினிக் வைத்துப் பொதுச் சிகிச்சை செய்பவர்கள் நிறையப் பேர். கிடைத்தது என்பதற்காக அதில் சேராதீர்கள்.

ஆனால் ‘அது கிடக்கட்டும்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். கடிதத்தில் உங்கள் சொந்தக் கேள்வி அது ஒன்றுதான்.

1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு ஃப்ரெட்ரிக் மெக்கே என்ற இளைஞர் கிளினிக் வைக்க வந்தார். கல்லூரியை விட்டு அப்போதுதான் வெளியே வந்தவர். ஊர்க்காரர்களின் பற்களில் காவிக்கறையைப் பார்த்தார். புத்தகங்களில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. மெக்கே விடவில்லை. 1909இல் பல் மருத்துவத்தின் பெரியவரான ஜி.வி. பிளாக் வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். பல் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்தில்தான் கறை ஏறுகிறது, பெரியவர்களான பின் ஏறுவதில்லை என்று கண்டுகொண்டார்கள். 1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற ஊர்ப் பெற்றோர், புதுக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்றார்கள். அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார் மெக்கே. சில வருடங்களில் அடுத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வெள்ளைப் பற்கள் முளைத்தன. காரணம் தண்ணீரில் அளவுக்கு மீறிக் கரைந்திருந்த ஃப்ளோரைடு என்று 1931இல்தான் தெரிந்தது. முப்பது வருடம்! தொடங்கியது உங்களைப் போல் அப்போதுதான் படிப்பை முடித்த ஒருவரிடமிருந்து.

உங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே நிலத்தடி நீரில் இருக்கும் இந்த ஃப்ளோரைடால்தான். ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகு அதையே குடித்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கறை வந்திருக்கக் கூடாது. வந்திருக்கிறது என்றால், அவள் வேறு ஏதோ தண்ணீர் குடித்திருக்கிறாள். எங்கே, எத்தனை வயது வரை, ஏன்? இதைத் தேட இன்று உங்களுக்கு எம்.டி.எஸ். தேவையில்லை. தேடிப் போகப் போக, கணக்கெடுக்கத் தெரியவில்லை, கறையைத் தரம்பிரிக்கத் தெரியவில்லை என்று நீங்கள் தடுமாறும் நாள் வரும். அன்று பப்ளிக் ஹெல்த்தில் சேருங்கள். அப்போது அது ரேங்க் கொடுத்த இடமாக இருக்காது.

இந்த வருடம் கவுன்சலிங்கை விடுங்கள். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ, ரூட் கேனாலும் ஞானப்பல்லும் தானே பார்க்கிற ஒரு மூத்த பொது மருத்துவரிடம் வேலைக்குச் சேருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, உங்களால் முடியாமல் போன ஒவ்வொரு கேஸையும் எழுதுங்கள். ஒரு வருடத்துக்குப் பின் அதில் எண்டோ கேஸ்களே நிறைந்திருந்தால், மறுபடி நீட் எழுதுங்கள். நானே புத்தகங்கள் அனுப்புகிறேன்.

அதற்கு முன்னால், விடுமுறை நாள் ஒன்றில் அந்தப் பள்ளிக்குப் போய் வாருங்கள். தலைமையாசிரியரிடம் சொல்லி, அந்தச் சிறுமியின் அம்மாவைப் பாருங்கள். பிள்ளை பிறந்தது எந்த ஊரில், ஆறேழு வயது வரை வளர்ந்தது எங்கே, வீட்டில் குடிக்க எடுப்பது குழாய்த் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா, குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.