ஜாகுவார் ஈ-டைப், போர்ஷே 911: இந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றுதான் என்றால் எதை எடுப்பீர்கள்?

911. அதுவும் ஆரம்ப கால, இரண்டு லிட்டர் எஞ்சின் வண்டி. சின்ன வயதில் சுவரில் ஈ-டைப் படத்தை ஒட்டி வைத்திருந்தவன் சொல்கிறேன்.

ஈ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் வந்தது. ஓட்டிப் பார்க்கக் கேட்டவர்களுக்கு ஒரு வண்டி போதாமல், ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ், தொழிற்சாலை இருந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து இன்னொன்றை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். வடிவம் போட்ட மால்கம் சேயர், விமானக் கம்பெனியிலிருந்து வந்தவர். காற்று வழுக்கிப் போகக் கணக்குப் போட்டார், அழகு கூடவே வந்துவிட்டது. 3.8 லிட்டர் எஞ்சின், 265 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். இவ்வளவும் அன்றைய ஆஸ்டன் மார்ட்டினில் ஏறக்குறைய பாதி விலைக்கு!

சரி, உள்ளே உட்காருங்கள். ஆரம்ப வண்டிகளில் முதல் கியருக்கு, கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் கிடையாது. தரை தட்டை, உயரமான ஆள் காலை எங்கே வைப்பது என்று தேட வேண்டும். பின்பக்க பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் நடுவே, பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். சக்கரத்தின் பாரம் குறையும் என்பது உண்மைதான். பிரேக் பேட் மாற்றுகிற மெக்கானிக்கிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். கிளட்ச் மாற்றவோ எஞ்சினையே கழற்ற வேண்டும்.

911 வந்தது 1963-இல், ஃபிராங்க்ஃபர்ட்டில், 901 என்ற பெயரில். நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் எங்களுக்குச் சொந்தம் என்று பிரான்சின் பெஜோ கார் கம்பெனி ஆட்சேபிக்க, 911 ஆனது. 130 குதிரைத்திறன்தான், ஈ-டைப்பில் பாதி. எஞ்சினோ பின் அச்சையும் தாண்டித் தொங்குகிறது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், போர்ஷேயின் முந்தைய கார் 356 என்று வழிவழியாக வந்த பழக்கம். வேகமாக வளைவில் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தீர்களோ, பாரம் முன்னே சாயும், பின் டயர் பிடியை விடும், வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். இதற்கு முதலில் பார்த்த வைத்தியத்தை நினைத்தால் சிரிப்பு வரும்: முன் பம்பருக்குள் இரண்டு ஓரத்திலும் 11 கிலோ வார்ப்பிரும்புக் கட்டி! அப்புறம்தான் 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மி.மீ. பின்னுக்குத் தள்ளினார்கள். எஞ்சினை முன்னால் கொண்டுபோக மட்டும் மனசு வரவில்லை. ஈ-டைப் 1970களின் நடுவில் நின்றுபோனது, 911 இன்றும் அதே இடத்தில் எஞ்சினோடு வருகிறது. இந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பிடித்தது.

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்த்தபோது, நண்பர் ஒருவர் தன் 1967 மாடல் 911-இல் பிளாக் ஃபாரஸ்ட் மலைச்சாலைக்குக் கூட்டிப் போனார். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொள்வார். உள்ளே நுழைந்ததும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார், பின்பக்கம் தரையில் அமுங்கி வண்டியைத் தள்ளும். "காலை மட்டும் எடுக்கவே கூடாது" என்றார். அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, இறங்கும்போது எனக்குத்தான் கால் வலி.